வேலி போட அரை நாள்

சுழலுகிற இரும்புக்கு முதலாளி வேலி போட வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ பெண்களை அனுப்பக் கூடாது. அதன் கிட்டே போய்த்தான் தீரவேண்டும் என்றால் பழகிய ஆண் ஒருவன், உடம்போடு ஒட்டின சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். அந்தச் சட்டையையும் முதலாளியே கொடுக்க வேண்டும். விபத்து நடந்தால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவுதான் சட்டம். பிற்காலத்தில் அதை வாங்கி, இங்கிலீஷ் தெரிந்தவர்களை விட்டு வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏதோ பெரிய வேதாந்தம் இருக்கும், அதனால்தான் எங்கள் ஊர் முதலாளிக்கு அது புரியவில்லை போலிருக்கிறது என்று அதுவரைக்கும் மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. அடுப்பில் கை வைக்காதே என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. என் அண்ணியின் தலை போவதற்குப் பல வருஷம் முன்பே அந்தச் சட்டம் வந்துவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். சென்னை ராஜ்யத்தில் பிறந்தவர்கள் நாங்கள். இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகராமலே ஆந்திர ராஜ்யத்துக்காரர்கள் ஆகிவிட்டோம். அதுவும் முடிந்த முடிவில்லை. இந்தக் கிராமம் அந்தப் பக்கம், அந்தக் கிராமம் இந்தப் பக்கம் என்று பெரிய மனிதர்கள் எங்கேயோ உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து தமிழா தெலுங்கா என்று தொண்டை கிழியப் பேசுவார்கள். அந்த டீக்கடைக்கு எதிரே இருந்த ரைஸ்மில்லுக்குள், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் மூடாமல் சுற்றிக்கொண்டிருந்த இரும்புத் தண்டைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அதை ஷாஃப்ட் என்போம். பின்கட்டில் இருக்கும் எண்ணெய் எஞ்சின் அதைச் சுற்றும். முழங்கால் உயரத்தில் மில்லின் முழு நீளத்துக்கும் ஓடும். அதிலிருந்து பட்டை பட்டையாக பெல்ட்டுகள் மேலே போய் அரைக்கிற மிஷின்களை ஓட்டும். மிஷினுக்கு அடியில் தவிடு கொட்டும். அந்தத் தவிட்டைக் கூட்டி அள்ளுவது பெண்களின் வேலை. ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம் குனிந்து கையை நீட்டிக் கூட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கூட்டலாம்தான். ஆனால் நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குள் எஞ்சின் டிரைவருக்கு வியர்த்துக் கொட்டிவிடும்; முதலாளிக்கோ நின்ற எஞ்சினைப் பார்த்தால் வயிறு எரியும். ஆகவே ஓடும்போதே கூட்டினோம். அண்ணி, என் அம்மா, நான், இன்னும் எட்டுப் பெண்கள்.

முதலாளி கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். தீபாவளிக்குப் புடவை கொடுப்பார். நெற்றியில் நாமம் இல்லாமல் வெளியே வரமாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சினுக்கும் மிஷினுக்கும் பொட்டு வைத்து, பூச்சரம் போட்டு, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கும். மிஷின் அவருக்கு லட்சுமி. லட்சுமி இருக்கிற இடத்துக்குப் பெண்கள் வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் வரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வாசலில் மேஸ்திரி நின்று பார்ப்பார். தலை ஈரமில்லாதவளைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஈரத் தலையைப் பின்னிக் கட்டினால் நாற்றம் வரும், தலைவலி வரும். ஆகவே எல்லோரும் முடியை விரித்துவிட்டு நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவோம். அரசாங்கத்தின் சட்டம் உடம்போடு ஒட்டின உடுப்பு வேண்டும் என்றது. எங்கள் முதலாளியின் சட்டம் விரித்த கூந்தல் வேண்டும் என்றது. முதலாளியின் சட்டத்தை மீறி ஒரு வெள்ளிக்கிழமை கூட நாங்கள் போனதில்லை.

அண்ணிக்குப் பிறந்த ஊர் பாலசமுத்திரம். கல்யாணமாகி வந்தபோது எங்கள் தெருவே அவள் முடியைப் பற்றித்தான் பேசியது. இடுப்புக்குக் கீழே இறங்கும். தலை முழுகினால் காய வைக்க அரை நாள் ஆகும், சாம்பிராணி போட்டே வீட்டை ஓட்டாண்டியாக்கிவிடுவாள் என்று அண்ணன் கேலி செய்வான். அண்ணன் தறி நெய்துகொண்டிருந்தான். அண்ணியும் அம்மாவும் நானும் மில்லுக்குப் போனோம். மூன்று பேரும் சேர்ந்தே போவோம், சேர்ந்தே வருவோம்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணி எனக்கு முன்னால் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து முடி முன்பக்கம் சரிந்தது. அவள் அதைப் பின்னால் தள்ளிவிடக் கையைத் தூக்கினாள். அதற்குள் ஷாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. நான் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். பிடித்து இழுத்தேன் என்றுதான் சொல்ல முடியும். எஞ்சினை மனுஷி இழுக்க முடியுமா? அண்ணி என்மேல் மல்லாக்க விழுந்தாள். முடி அவளோடு வரவில்லை. முடியோடு சேர்ந்து தலைத்தோலும் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் அப்புறமும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. டிரைவர் பின்கட்டில் இருந்தார். அவருக்கு எங்கள் கூச்சல் கேட்கவில்லை. யாரோ ஓடிப்போய்ச் சொல்லித்தான் நிறுத்தினார்.

முதலாளி தன் காரிலேயே அண்ணியைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதை ஊர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும். ஆஸ்பத்திரியில் அவர் என்ன எழுதச் சொன்னார் என்பதை ஊர் சொல்லாது. மாட்டு வண்டிச் சக்கரத்தில் முடி சிக்கிக்கொண்டது என்று எழுதச் சொன்னார். அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"மில்லுன்னு சொன்னா போலீசு, கோர்ட்டுன்னு இஸ்துக்கினு போவாங்கப்பா. பொண்ணு இந்த நெலமைல கெடக்க சொல்ல நீ அங்க அலைவியா, இவள பார்த்துக்கினு இருப்பியா?" என்று அவர் கேட்டிருக்கிறார். அண்ணன் தலையை ஆட்டியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ரத்தத்தில் நனைந்த வேட்டியோடு நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

சித்தூரிலிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துத் தலையில் வைத்து ஒட்டினார்கள். சில இடத்தில் ஒட்டியது, சில இடத்தில் ஒட்டவில்லை. நான்கைந்து மாதம் கழித்து அண்ணி வீட்டுக்கு வந்தாள். தலையை முழுக்க மூடி முக்காடு போட்டிருந்தாள். எங்கள் ஜனங்களில் அப்படி முக்காடு போடுகிற வழக்கம் இல்லை. வீட்டுக்குள்ளேகூட அவள் அதை எடுக்கவில்லை. அண்ணனுக்கு முன்னாலும் எடுக்கவில்லை.

மில் என்னவோ மறுநாளே ஓடிற்று. பூசாரி ஒருவரைக் கூட்டிவந்து பூசணிக்காய் உடைத்தார்கள். ஷாஃப்டைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி மஞ்சள் பூசினார்கள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. முதலாளி எதிரே போய் நின்றேன். அதற்கு முன்னால் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியவள் இல்லை நான்.

"ஷாஃப்டுக்கு ஒரு வேலி போடுங்க. கம்பி வலை போட்டாகூட போதும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "லட்சுமிய கூண்டுல போட்டு அடைக்க சொல்றியாம்மா?" என்று சிரித்தார். பிறகு, "வலைய போட்டா தவிட எப்படி கூட்டுவ?" என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விதான் நிஜமான கேள்வி என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. ஓடும்போது கூட்டக் கூடாது என்பதற்குத்தானே வலையே. அது அவருக்கும் தெரியும்.

ஆனால் பெண்கள் பயந்துபோயிருந்தார்கள். இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்களும் ஷாஃப்ட் பக்கம் போகத் தயங்கினார்கள். தவிடு குவிந்து மிஷினை அடைத்தது. முதலாளி இரண்டு நாள் யோசித்திருப்பார். புரட்டாசி பிறந்திருந்த சமயம். எல்லோரையும் கூப்பிட்டு, திருமலைக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் உயிர் பிழைத்ததற்கு மில்லில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் பெருமாளுக்கு முடி காணிக்கை கொடுக்க வேண்டுமாம். லாரி அவருடையது. சாப்பாடு அவருடையது. மலைக்குப் போகிற பஸ் செலவும் அவருடையது.

எங்கள் பக்கம் கட்டுக்கழுத்திகள் முழு மொட்டை அடிப்பது அபூர்வம். மூன்று கத்தரி முடி கொடுத்தால் போதும், பெருமாள் ஏற்றுக்கொள்வார். ஒருத்தி அதைச் சொன்னாள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "மூணு கத்திரி முடிக்கா இவ்ளோ செலவு? முழு மொட்டதான் வேண்டிக்கினு கீறேன்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலி போடச் சொன்னேன். ஷாஃப்டுக்குப் போடுவதற்குப் பதிலாக எங்கள் தலையில் கை வைக்கிறார். சிக்குவதற்கு முடியே இல்லாவிட்டால் ஷாஃப்ட் பாட்டுக்குச் சுற்றலாம், நாங்கள் பாட்டுக்குத் தவிட்டைக் கூட்டலாம், கம்பி வலைக்கும் வேலை இல்லை. புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆயிற்று.

மற்றவர்களுக்கு இது புரியவில்லையா? புரிந்திருக்கும். ஆனால் திருமலை என்றால் எங்கள் ஜனங்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். லாரியில் வழி நெடுக கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தார்கள். புத்தூர் தாண்டி மலை தெரிந்ததும் என் அம்மா அழுதாள். மருமகள் உயிரோடு இருக்கிறாள் என்று நிஜமாகவே நன்றி சொல்லித்தான் அழுதாள். அதை நான் எப்படி நொந்துகொள்வது? மில்லில் நாள் முழுக்கப் புழுங்குகிற பெண்களுக்கு அந்த லாரிப் பயணமே ஒரு திருவிழாவாக இருந்தது. பொட்டலம் கட்டின புளிச்சோற்றை ஒருத்தி வாயில் ஒருத்தி ஊட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மொட்டையடிக்கிற கட்டிடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். அம்மாவுக்கு முடிந்தது. என் முறை வந்தது. நாவிதர் தண்ணீரைத் தொட்டு என் தலையில் வைத்தார். நான் எழுந்துவிட்டேன்.

"இன்னாடி?" என்றாள் அம்மா.

"நான் குடுக்கல."

"சாமிக்குடி இது."

"சாமி என்ன கேக்கல. மொதலாளி கேக்கறாரு. சாமிக்கு நான் குடுக்கணும்னா நானே வந்து குடுப்பேன்" என்றேன்.

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம்கூட இன்னும் பூசவில்லை. கண் சிவந்து போய், ஏதோ தெரியாத பொம்பளை அடித்த மாதிரி இருந்தது. சுற்றியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் என் தலைமுடியோடேயே லாரியில் ஏறி ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை மேஸ்திரி என்னை வாசலிலேயே நிறுத்தினார். முடி இருக்கிறவளுக்கு மில்லில் வேலை இல்லை என்றார். முடி இருந்தால் ஆபத்து என்று முதலாளியின் வாயாலேயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்ல?

"ஒரு மயிருக்கா வேலைய உட்ட?" என்று அம்மா பல நாள் கேட்டாள். மொட்டைத் தலையோடு இருந்துகொண்டு அவள் அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அதற்கப்புறம் என் கண் முழுக்க அம்மாவின் தலைமேலேயே இருந்தது. முடி என்ன, வெட்டினால் அப்படியே நிற்கிற சாதியா? முதலில் முள் முள்ளாக வந்தது. தை மாதத்துக்குள் விரலில் பிடிக்க வந்தது. முதலாளி மறுபடி எல்லோரையும் திருமலைக்குக் கூட்டிப்போவாரா? மாட்டார். வேண்டுதல் ஒருமுறைதான். பெண்களும் பயத்தை மறந்துவிட்டார்கள். பெருமாளுக்குக் கொடுத்தாயிற்று, இனிமேல் அவர் பார்த்துக்கொள்வார் என்று ஓடுகிற ஷாஃப்டுக்குக் கிட்டே முன்னைவிடத் தைரியமாகக் குனிந்தார்கள். அம்மாவும் குனிந்தாள். வெள்ளிக்கிழமை தலை முழுகுகிற சட்டமும் அப்படியே இருந்தது. நான் சோறு கொண்டுபோகிற சாக்கில் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அம்மாவின் முடி முடிச்சுப் போடுகிற நீளம் வருவதற்குள் அந்த ஷாஃப்டுக்கு வேலி வந்தாக வேண்டும். எனக்கு வேறு கவலையே இல்லாமல் போயிற்று.

மில்லைப் பார்க்க ஒரு அதிகாரி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். எப்படித் தெரியும் என்றால், முன்பு ஒருமுறை யாரோ வருகிறார்கள் என்றதும் மேஸ்திரி பெண்கள் எல்லோரையும் பின்னால் புளியந்தோப்புக்கு விரட்டினார். எஞ்சின் வைத்த இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது சட்டத்துக்குத் தொழிற்சாலை. பெண்கள் தோப்பில் இருந்தால் உள்ளே ஆறேழு ஆண்கள்தான். அப்போது அது தொழிற்சாலை இல்லை. முதலாளிக்கும் ஒரு கடமையும் இல்லை. தோப்பில் உட்கார்ந்து புளியங்காய் கடித்துக்கொண்டிருந்தோம். எதற்காக உட்கார வைத்தார்கள் என்றுகூட அன்றைக்குக் கேட்கவில்லை.

சித்தூருக்குப் போனேன். இந்த ஆபீஸ், அந்த ஆபீஸ் என்று அலைந்து கடைசியில் ஒரு குமாஸ்தா எதிரில் நின்றேன். அண்ணியின் தலையைப் பற்றித் தெலுங்கில் சொன்னேன். எங்கள் பக்கம் வயிற்றிலிருக்கும்போதே இரண்டு பாஷையும் வந்துவிடும். அவர் ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

"மீ ஊரு ஏ பக்க போதுந்தோ இங்கா தேலலேது கதம்மா" என்றார். உங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று இன்னும் முடிவாகவில்லையே என்று அர்த்தம். சென்னைப் பக்கம் போய்விட்டால் அந்த ஆபீஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாளைக்குக் கைவிட்டுப் போகிற ஊருக்கு இன்றைக்கு எதற்கு ஜீப் அனுப்ப வேண்டும்? "தேலினாக்க ரா" என்றார். முடிவான பிறகு வா.

அண்ணியின் தலை எந்த ராஜ்யத்தில் கிழிந்தது என்று அந்த ஆளுக்கு முதலில் தெரிய வேண்டுமாம். ஷாஃப்ட் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா சுற்றியது? தமிழ்ப் பெண் முடியா, தெலுங்குப் பெண் முடியா என்று பார்த்தா இழுத்தது? இதை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் பியூனைக் கூப்பிட்டார். நானே வெளியே வந்துவிட்டேன்.

பங்குனி கடைசியில் எல்லை முடிவாயிற்று. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் இங்கேயே நின்றோம். டீக்கடையில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் மிட்டாய் கொடுத்தார்கள். நான் மறுநாளே சித்தூர் பஸ் ஏறினேன். அதே குமாஸ்தா. "தேலிந்தி" என்று ஒரே வார்த்தை சொன்னேன். முடிவாகிவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

அதிகாரி வருவதற்கு ஆடி மாதம் ஆயிற்று. அதற்குள் அம்மாவின் முடி காதைத் தாண்டிக் கழுத்தைத் தொட்டுவிட்டது.

ஜீப் சத்தம் கேட்டதும் மேஸ்திரி வழக்கம்போலப் பெண்களைத் தோப்புக்கு விரட்டினார். ஆனால் ரோட்டில் பாலம் வேலை நடந்துகொண்டிருந்ததால் ஜீப் பின்பக்க வண்டிப்பாதையில் வந்தது. தோப்பு வழியாகத்தான் மில்லுக்குள் நுழைய வேண்டும். நான் அம்மாவுக்குச் சோற்றுச் சட்டியோடு அங்கே நின்றிருந்தேன். அதிகாரி இறங்கினார். இளவயதுக்காரர், கிருஷ்ணா ஜில்லாப் பக்கத்துத் தெலுங்கு. முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார்.

யார் இந்தப் பெண்கள் என்று அதிகாரி கேட்டார். நெல் அரைத்துக்கொண்டு போக வந்த சுற்றுப்பட்டு ஜனங்கள், முறைக்காகக் காத்திருக்கிறார்கள் என்று முதலாளி சரளமாகச் சொன்னார். அதிகாரி தலையாட்டிக்கொண்டு மில்லைப் பார்க்க நடந்தார். இவ்வளவு அலைந்ததும் ஒரு வாய்ப்பொய்யில் போயிற்றே என்று ஓடிப்போய் வழிமறிக்க நினைத்தேன். அதற்குள் அவராகவே நின்று திரும்பினார். ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். ஒன்பது பெண்கள். வயசானவள், சின்னவள், கறுத்தவள், வெளுத்தவள் என்று பலவிதம். முடி மட்டும் என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரே நீளம்.

அவர் அம்மாவிடம்தான் முதலில் கேட்டார். "குண்டு எப்புடு கொட்டிஞ்சுகுன்னாவம்மா?" மொட்டை எப்போது அடித்துக்கொண்டாய்?

"புரட்டாசிலங்க."

அடுத்தவளைக் கேட்டார். புரட்டாசி. அதற்கு அடுத்தவளும் புரட்டாசி. சுற்றுப்பட்டு ஜனங்கள் எல்லோரும் ஒரே நாளில் எதற்கு மொட்டை அடித்தீர்கள் என்று மறுபடி அம்மாவிடமே வந்தார். முதலாளி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அறைந்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போன இடத்தில் மிச்சமிருந்தது அவள் ஒருத்தியின் வேலைதான்.

"எங்க மருமவ தலைய இந்த மிஷினு இஸ்துக்கிச்சு சாமி" என்று அம்மா அவருக்குத் தெலுங்கில் சொன்னாள். "எங்க தலையும் பூடக் கூடாதுன்னு மொதலாளிதான் எங்க எல்லாரையும் லாரில ஏத்திக்கினு போயி, சோறு போட்டு, மொட்ட அடிச்சி இட்டாந்தாரு. நல்ல மனுசன் சாமி அவரு. மில்லுல வேல செய்ற ஒருத்தியக்கூட உடல."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முதலாளியைப் புகழ்ந்து பேசியே அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். வேண்டுமென்றே சொன்னாளா, மனசார நல்லவர் என்று நினைத்துத்தான் சொன்னாளா என்று பல வருஷம் கழித்துக் கேட்டுப் பார்த்தேன். "கேட்டாரு, சொன்னேன்" என்றாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒன்றும் கறக்க முடியவில்லை.

அதிகாரி உள்ளே போய் ஷாஃப்டைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். வேலி போடாமல் கிளப்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். வழக்கும் நடந்தது. முதலாளி அபராதம் கட்டினார். அவருக்கு அது எறும்பு கடித்த மாதிரி. மாட்டு வண்டிச் சக்கரம் என்று ஆஸ்பத்திரியில் எழுதியது எழுதியபடியே நின்றது. அதை மாற்ற எந்த ஆபீசிலும் ஆள் இல்லை.

வேலி போட நகரியிலிருந்து கொல்லர் ஒருவர் வந்தார். காலையில் வந்தார். நான்கு இரும்புச் சட்டம், கம்பி வலை, கொஞ்சம் திருகாணி. தரையில் குழி தோண்டிச் சட்டத்தை நட்டார். வலையை இழுத்துக் கட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். தவிடு அள்ள ஒரு நீள மரத்தட்டும் செய்து கொடுத்துவிட்டுப் போனார். வலைக்கு அடியில் தள்ளி வைத்தால் தவிடு அதில் விழும்; வெளியே நின்றபடியே இழுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதலாளி வேலிக்கும் பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றினார். அந்த வேலியையும் லட்சுமி ஆக்கிவிட்டார். எல்லோரும் கூடியிருந்தோம். கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில் வாசலில் அண்ணி வந்து நின்றாள். மில்லில் அடிபட்ட பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே வந்ததில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை, தானாகவே வந்திருந்தாள்.

பெண்கள் வழி விட்டார்கள். அண்ணி நேராக வேலிக்குக் கிட்டே போனாள். வலையின் கண்ணுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அது ஆடவில்லை. பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, முக்காட்டை எடுத்தாள். அண்ணனுக்கே காட்டாத தலையை அத்தனை பேருக்கும் நடுவில் காட்டிக்கொண்டு நின்றாள். காதுக்கு மேலே ஒரு கொத்து முடி, மற்றதெல்லாம் தொடைத் தோல்.

"இவ்ளோதானா?" என்று கேட்டாள்.

முதலாளி தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கற்பூரம் ஏற்றாமலே கிடந்தது. அண்ணி இன்னும் ஒருமுறை கேட்டாள்.

"இவ்ளோதான் அண்ணி. அரை நாள் வேலை" என்று நான்தான் சொன்னேன்.